அன்புக்கரசி செஞ்ச போணி

நான் எஸ்தர். நொச்சிக்குப்பம் ரோட்டோரம் பலகை போட்டு மீன் விக்கிறவ. ஆனா கதை என்னுது இல்ல, அன்புக்கரசியுது. மயிலாப்பூர்க்காரி, சுத்த சைவம். வூடு வூடா வந்து சுகரு, பி.பி. பாக்கற சுகாதார ஆளு. எங்க குப்பம், ஐஸ்ஹவுஸாண்ட பாய்ங்க தெரு, மந்தைவெளி சந்துல தனியா கீற பெரியவங்க, எல்லாம் அவ பொறுப்பு. மூஞ்சில கதவச் சாத்தினாலும் மறுநாளு அதே சிரிப்போட வந்து நிப்பா. எனக்கு அதான் எரிச்சலு.

என் கால் சுண்டு வெரல்ல முள்ளு குத்தி ஒரு மாசமா ஆறல. அத அவ பாத்துட்டா. அன்னிலேர்ந்து தெனம் காலைல ஆறு மணிக்கு வந்து, ஒரு சொட்டு ரத்தம் குடுக்கா, சுகரா இருந்தா காலே போயிடும்னு ஒரே நச்சு. போணி ஆவாம எவளாவது ரத்தம் காட்டுவாளா? யாவாரம் படுத்துடாது? போணி ஆனப்பறம் வான்னேன். போணி ஆயிட்டா மீன் வெட்டவே கை பத்தாது, இதுல வெரல எங்கேர்ந்து நீட்டறது. இப்டியே ரெண்டு வாரம் ஏய்ச்சேன்.

ஒரு நாளு வந்தா, பையக் கீழ வெச்சா. "அப்ப நானே போணி பண்றேன், குடுக்கா"ன்னா.

மீனே துன்னாதவ! கலர் நல்லா இருக்குன்னு செவப்பா இருந்த சங்கரா மீனக் காட்டினா. வாங்கி, வாலை ரெண்டு வெரலால புடிச்சுக்கினு, மொகத்த அந்தாண்ட திருப்பிக்கினு நின்னா பாரு, எனக்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்சுக்கினே கைய நீட்டிட்டேன். சுகரு நானூத்திப் பன்னெண்டு. அவ மூஞ்சி செத்துடுச்சு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா. பாக்கலாம் போன்னுட்டேன்.

அன்னிக்கு எட்டு மணிக்கெல்லாம் என் பலகை காலி. எப்பவும் பதினொண்ணு ஆவும். அவ கைராசிக்காரின்னு கடை வரிசை பூரா பரவிடுச்சு. மறுநாளு பக்கத்துக் கடை ஏஞ்சலு அவ கையப் புடிச்சு இஸ்துக்கினு போறா. மொதல்ல வெரலு, அப்பறம்தான் போணின்னா இவ. ஒரு நாளைக்கு ஒரு கடை. எந்தக் கடைல போணி பண்றாளோ, அந்தக் கடை எட்டு மணிக்குள்ள காலி. வாங்கின மீனெல்லாம் பாய்ங்க தெருவுல அவ சுகரு பாக்கற ரூபீனா வூட்டுக்குப் போவும். அந்த வூட்டுக்கு அப்ப தெனம் மீன் கொழம்புதான்.

வெரல நீட்ட மாட்டேன்னவங்கள வுட்டுட்டு, சுத்தி மறுபடி என் முறை வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தான் உனக்குப் போணின்னுட்டா. ஒன் ராசிய நீயே வெச்சுக்கோன்னு கத்தினேன். ரெண்டு நாளு மீனு மத்தியானம் வரைக்கும் ஐஸ்லயே கெடந்துச்சு. கால் வெரலும் கறுத்துப் போச்சு. மூணாம் நாளு ஆட்டோல ஏறி, வழி பூரா அவளத் திட்டிக்கினே போனேன். அவ பாட்டுக்கு என் தோளப் புடிச்சுக்கினு உக்காந்திருந்தா.

அந்த ஒரு வெரல எடுத்துட்டாங்க. இன்னும் ஒரு வாரம் வுட்டிருந்தா முட்டி வரைக்கும் எடுத்திருப்போம்னாரு டாக்டரு. பெட்ல படுத்துக்கினு ஓன்னு அழுதேன். அவ கையப் புடிச்சு, இந்த ராசிக் கைதான் என் காலக் காப்பாத்திச்சுன்னேன்.

அவ களுக்குன்னு சிரிச்சு, போன எடுத்துக் காட்டினா. அவ பாக்கற வூடெல்லாம் சேத்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பு வெச்சுக்கிறா, நூத்தித் தொண்ணூறு பேரு. போணி பண்ணின அன்னிக்கு அதுல எழுதிக்கிறா: இன்று எஸ்தர் அக்கா கடையில் மீன் அருமை, பொரிக்காமல் குழம்பு வைக்கவும். மறுநாளு ஏஞ்சல் கடை. அதுக்கு மறுநாளு அடுத்த கடை.

அடிப்பாவி! சிரிச்ச சிரிப்புல தையலு வலிச்சுது. வார்டு நர்சு வந்து திட்டிட்டுப் போச்சு. பாவங்க்கா, எல்லாரும் ராசின்னு நம்பறாங்க, உண்மைய சொல்லிடலாமான்னு அன்புக்கரசி மெதுவாக் கேக்கறா.

நான் போனப் புடுங்கித் தலகாணிக்குக் கீழ வெச்சேன். "வரிசைல இன்னும் மூணு பேரு வெரல நீட்டல. அதுவரைக்கும் வாயத் தொறந்த, தோல உரிச்சுடுவேன்"ன்னேன்.