ஆத்தாவுக்கு நேர்ந்துவிட்ட காப்பி

என் நோய் முதலில் நாக்கில்தான் தெரிந்தது. ஜெராம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குவது என் வேலை. காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) போவதற்குள் ஒரு பெரிய குவளை காப்பி உள்ளே போயாக வேண்டும். சீனியும் வெண்ணெயும் சேர்த்து வறுத்த சீனர் கடைத் தூள். துணி வடிகட்டியில் இறக்கிப் பால் விடாமல் குடிப்பேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் காப்பி வாசனையே குமட்டியது.

"கடைய மாத்திட்டியா சரசு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அதே கடை, அதே தூள்தான் என்றேன்.

தோட்டத்து டிரெஸ்ஸர் (மருந்தகத்தைப் பார்த்துக்கொள்பவர்) வாயுவுக்கு மருந்து கொடுத்தார். வாயு போகவில்லை, நான்தான் இளைத்துக்கொண்டே போனேன். மறுமுறை போனபோது வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தவர், உடனே கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள்.

ஸ்கேன் (உடம்பைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் படம்) எடுத்தார்கள். கல்லீரலில் கட்டி, புற்றுநோய்தான் என்றார் டாக்டரம்மா. தமிழர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். ஹெப்படைட்டிஸ் பி (ஈரலைத் தாக்கும் கிருமி) வெகுகாலமாக உள்ளே இருந்திருக்கிறதாம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அதற்குள் நான் இரகசியமாகச் சம்சு குடித்தேன் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஈரல் கெட்டால் சாராயம்தான் என்று முடிவு கட்டுகிறவர்களிடம் என்னத்தைச் சொல்ல? அவ்வளவு குடித்திருந்தால் கொஞ்சம் சந்தோஷமாவது மிஞ்சியிருக்கும்.

"வெளிநாட்டுல முழு ஈரலையும் மாத்துறாங்க. இங்க இன்னும் வரல. கட்டி ஒரு பக்கம் இருக்கறதால அந்தப் பகுதிய வெட்டி எடுத்துடலாம். மிச்ச ஈரல் தானா வளரும்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "மாத்தணும்னா என்னோடத எடுத்துக்குங்க டாக்டர். எனக்குப் பெரிய ஈரல் லா!"

"ஒங்களுக்கும் ஒண்ணுதான்யா இருக்கு. ஒக்காருங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. வயிற்றின் குறுக்கே நீளமான தையல். இருமினால் உயிர் போய் வந்தது. சில நாள் கழித்துப் பக்கத்துக் கட்டில் அக்கா பிளாஸ்க்கைத் திறந்தார். காப்பி வாசனை வந்தது, குமட்டவில்லை. நாக்கில் எச்சில் ஊறியது. வெட்கம் பார்க்காமல் ஓவென்று அழுதேன். பிழைத்துக்கொள்வேன் என்று முதல்முதலாக நம்பியது அப்போதுதான்.

வீட்டுக்காரரிடம் காப்பி கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "குடிக்கக் கூடாது சரசு. ஒன்னய உள்ள கொண்டுபோனப்ப ஆத்தாகிட்ட நேந்துகிட்டேன். நீ பொழச்சு வந்தா இனிமே காப்பியத் தொடறதில்லன்னு."

"யாரு தொடமாட்டாங்க?"

"நீதான்."

தம் ஈரலைக் கொடுக்க முடியாத மனிதர் என் காப்பியைக் கொடுத்துவிட்டார்! ஆசைப்பட்டதை அம்மனுக்கு விட்டுவிடுவது எங்கள் தோட்டத்தில் வழக்கம்தான். ஒருத்தர் வெற்றிலையை விடுவார், ஒருத்தர் கறியை விடுவார். அடுத்தவர் ஆசையை விட்ட முதல் ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் விளையாட்டு வினையானது. மஞ்சள் காமாலைக்கு இருக்கும் பத்தியத்தையே அக்கம்பக்கத்தார் எனக்கும் வைத்தார்கள்: உப்பில்லாக் கஞ்சி, கீழாநெல்லி, மோர். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அடுத்த பரிசோதனையில் என்னை எடை போட்ட டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பத்தியமா? சாப்பிடலன்னா மிச்ச ஈரல் எத வச்சு வளரும்? இப்படியே எளச்சா நான் வெட்டுனது வீண். எதுதான் எறங்கும் ஒங்களுக்கு?"

"காப்பியில தொட்ட ரொட்டி" என்றேன்.

"அப்ப அதையே சாப்பிடுங்க. சீனியக் கொறச்சுக் காப்பி குடிங்க. முட்ட, மீனு எல்லாம் சேத்துக்குங்க. நாட்டு மருந்து வேணாம். சாராயம் மட்டும் வாடையே ஆகாது."

டாக்டர் சொல்லியாயிற்று. ஆனால் அம்மனிடம் சொன்ன வார்த்தை? குடித்தபின் கட்டி திரும்ப வந்தால்? படித்தவர்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கஞ்சியால் சாவதா, காப்பியால் சாவதா என்ற நிலை. இருவரும் தோட்டத்துக் கோயிலுக்குப் போனோம்.

பூசாரி முழுவதையும் கேட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "ஏம்பா, நேந்தது நீ. கட்டுப்பட வேண்டியதும் ஒன் நாக்குதான். ஊரான் வீட்டு ஆட்ட வெட்டுறேன்னு யாராச்சும் வேண்டிக்குவாங்களா?"

வீட்டுக்காரர் லோரிக்காரர். ஒரு நடைக்கு ஒரு காப்பி என்று நாளெல்லாம் குடிப்பவர். அம்மன் முன்னால் போய் நின்றார். பிறகு கற்பூரத்தைத் தொட்டு, "என்னோடத எடுத்துக்க ஆத்தா" என்றார். அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் போய்விட்டது.

மறுநாள் அவரே காப்பி இறக்கி, ரொட்டியோடு கொண்டுவந்து வைத்தார். மூன்று துண்டு தின்றேன். அந்த வாரத்திலேயே முட்டை இறங்கியது, பிறகு ஜெராம் மீன் குழம்பு. உடம்பில் மெல்லச் சதை பிடித்தது. காப்பிதான் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். டாக்டரம்மாவின் கத்திக்கு அந்தப் பெருமை. காப்பி என்னைச் சாப்பிட வைத்தது. இதே நோயோடு இருக்கும் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பத்தியமானாலும் நேர்த்திக்கடனானாலும், முதலில் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்போது என் உடம்பை நான் முன்போல் நம்புவதில்லை. புது மருமகளை வைத்திருப்பதுபோல் பக்குவமாக வைத்திருக்கிறேன். குனிந்து பழம் பொறுக்கும்போது தையல் இழுத்தால், சரிம்மா என்று நிமிர்ந்துவிடுகிறேன். தீபாவளி, திருவிழா என்று வருஷத்தை எண்ணுவதும் போயிற்று. ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரைதான் எனக்குக் காலம். அதைத் தாண்டி யோசிக்கப் பயம்.

போன மாதப் படமும் சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு குவளையில் காப்பி ஊற்றி, ஒன்றை அவர் பக்கம் தள்ளினேன். "போதுங்க. ஆத்தா கோச்சுக்கமாட்டா."

அவர் ஆழமாக மூச்சிழுத்து வாசனை பிடித்துவிட்டு, குவளையை என் பக்கமே தள்ளினார். "வேணாம் லா. நீ கெழவியாகி, பல்லெல்லாம் கொட்டட்டும். அப்பறம் ஒண்ணா ஒக்காந்து குடிப்போம்."

நான் கிழவியாவேன் என்று என்னிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. இரண்டு குவளையையும் நானே குடித்தேன்.