கட்டங்களுக்குப் பொட்டு வைத்த கதை

தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு எழுந்து வந்தவன் நான். அப்படிப்பட்டவன் தொண்ணூறுகளில் மலேசியாவில், கிள்ளானில் ஆறு டிவி போட்டு வீடியோ கேம் கடை நடத்தினேன் என்றால், படித்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும். வருகிறவர்களுக்கெல்லாம் கால்பந்து விளையாட்டுதான் வேண்டும்.

அந்த விளையாட்டு முழுக்க ஜப்பான் எழுத்து. யாருக்கும் வாசிக்க வராது. ஆனால் மெனுவில் கட்டத்துக்குக் கட்டம் சின்னப் படம் இருக்கும். அதைப் பார்த்து அமுக்கிவிடலாம். அந்த வருஷம் எனக்கு வந்த நகல் சீடியில் படங்களைக் காணோம். எல்லாம் வெறும் சாம்பல் கட்டம். எதிர் வரிசையில் ஏர்கோன் போட்ட குளுகுளு கடை ஒன்று அசல் சீடியோடு திறந்திருந்த நேரம். நானோ தீபாவளிக் கோப்பைப் போட்டி என்று போஸ்டர் ஒட்டிவிட்டேன்.

ஒவ்வொரு கட்டமாக அமுக்கி, எது எதற்கு என்று நானே கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அதன் பிறகு எனக்கு உட்காரவே நேரமில்லை. "அங்கிள், கப்பு எங்க?" "அங்கிள், சேவ் பண்றது எது?" நடந்து நடந்து முட்டி விட்டுப்போய், கடைசியில் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தேன். டிவி கண்ணாடியில், ஆட்டத்தைச் சேமிக்கும் கட்டத்தின் மேல் பச்சைப் பொட்டு, அழிக்கும் கட்டத்தின் மேல் சிவப்பு.

"என்ன அங்கிள், டிவிக்குக் கல்யாணமா?"

"ஆமா, நீதான் மாப்பிள்ளை. உக்காரு."

மூன்று வாரம் நன்றாகவே ஓடியது. சுங்கை வேயில் தொழிற்சாலை வேலை பார்த்த ஒருவன் சனிக்கிழமைதோறும் கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிளில் வருவான். எதிலும் ஜெயித்துப் பழக்கமில்லாதவன், அந்தத் தடவை அரையிறுதியைத் தாண்டிவிட்டான். சேமிக்கப் போனான். பச்சை இருந்த இடத்தை அமுக்கினான். திரை ஏதோ கேட்டது. சரி என்று அதையும் அமுக்கினான். கண்ணாடிச் சூட்டில் பசை இளகி, பச்சை ஒரு கட்டம் கீழே, அழிக்கும் கட்டத்தின் மேல் வழுக்கியிருந்தது. சிவப்பு தரையில் கிடந்தது. எல்லா ஆட்டமும் அழிந்துவிட்டது.

"வா மச்சி, எதிர்க்கடையில படமெல்லாம் இருக்கு லா" என்று அவன் கூட்டாளிகள் வெளியேறினார்கள்.

அவன் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஃபைனலுக்கு வந்துட்டேன்னு வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லலாம்னு இருந்தேன் அங்கிள்."

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "சூட்டுல பசை எளகிருச்சி தம்பி" என்றேன்.

"நாளைக்கு எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"

மறுநாள் ஞாயிறு. கால் வலியில் கடையைத் திறக்கும் எண்ணமே எனக்கு இல்லை.

"நீ எப்ப வர்றே?"

"எட்டு மணிக்கு. மொத ஆட்டத்துலேருந்து."

"வா, தொறந்து வைக்கிறேன்."

கூட்டாளிகள் அதற்குள் ரோட்டைத் தாண்டியிருந்தார்கள். யாரோடு விளையாடப் போகிறான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.