பேறுகாலத்துக்கு ஒரு வீடு

பொன்முடி மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில்தான், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், நாங்கள் இருந்தோம். தொண்ணூறுகளில் தோட்டம் நொடித்துப்போனது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரசவம் பார்த்த நர்சம்மா ஓய்வு பெற்றுப் போனபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. கதவைப் பூட்டிவிட்டார்கள். பிரசவம் என்றால் மலையிறங்கி வித்துரா ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அந்த வருஷம்தான் என் அண்ணன் மனைவி, மதினி, முதல் முறையாக உண்டாகியிருந்தாள். நாள் இன்னும் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தபோதே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. முந்தின நாள் மழையில் ரோட்டில் மரம் விழுந்து, பஸ் மேலே வரவில்லை. அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மூங்கிலில் கம்பளியைக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், நானும் கூடவே போனேன். மரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனபிறகு ஒரு ஜீப் கிடைத்தது.

ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் ஜீப்பிலேயே குழந்தை பிறந்தது. பெண். என் துண்டால் துடைத்தேன். லேசாக ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான், பிறகு மூச்சில்லை. மதினிக்கு ரத்தம் நிற்கவில்லை. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய், கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டரம்மா மலையாளத்தில் கேட்டார். அண்ணன் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவன். ஆனாலும் அவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்து மட்டும் போட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் மலையேற மறுத்துவிட்டாள்.

"நான் மேல வரல்ல. வேணும்னா நீங்க கீழ வாங்க," என்றாள் அண்ணனிடம்.

வித்துரா சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அண்ணன் சந்தையில் மூட்டை இறக்கும் சுமடு வேலைக்குப் போனான். மதினி ஒரு ஹோட்டலில் அடுக்களை வேலை பார்த்தாள். ஒருநாள் செக்கப்புக்கு வந்த லயத்துப் பெண் ஒருத்தி பஸ்ஸைத் தவறவிட்டாள். மதினி அவளைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டாள், பிள்ளை பெறும்வரை அனுப்பவேயில்லை. அதன்பிறகு மாசம் நெருங்கியவர்கள் ஒவ்வொருத்தராக அங்கே இறங்கி வரத் தொடங்கினார்கள். கஞ்சி வைத்துக் கொடுப்பாள், கூடவே ஆஸ்பத்திரிக்குப் போவாள், நர்சுகளிடம் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் பேசுவாள். சந்தையில் லயத்துப் பெண் யாரையாவது வயிற்றோடு பார்த்துவிட்டால் விடமாட்டாள்.

"ஒம்பதாம் மாசம் ஆச்சுன்னா எறங்கிரு பிள்ளே. மழையை நம்பாதே."

கல்யாணமாகி நானும் அந்த வீட்டில் தங்கித்தான் பெற்றேன். நர்ஸ் நீட்டிய குழந்தையை மதினிதான் வாங்கினாள். முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு உடனே என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருக்கலாமே என்று சாயந்திரம் கேட்டேன்.

"வச்சா எறக்க மனசு வராது. அதாக்கும்," என்றாள்.

பின்னால் ரோடு சரியானது. போன் வசதி வந்தது. கூப்பிட்டால் லயத்துக்கே ஏறி வர ஒரு வண்டியும் ஏற்பாடானது. பெண்கள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மதினி வீட்டில் யாரும் தங்குவதில்லை. நல்லதுதானே என்பாள், உண்மையிலேயே சந்தோஷமாக. எனக்கு மட்டும், இந்த நல்லது கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.