மூசா அப்புவின் சாட்சி

தக்காளியோடு மீன் வேகும் வாசமும் அதற்குள் மெல்லிய கருவாட்டு நெடியுமாக மேல்மாடியிலிருந்து முதன்முதல் இறங்கி வந்த நாளில், அம்மா "எங்கட ஆக்கள் ஆரோ குடிவந்திட்டினம்" என்று சந்தோசப்பட்டாள். ஆனால் மொன்றியலில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்தக் கட்டடத்துக்கு வந்திருந்தவர்கள் செனகல்காரர்கள்: டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்த ஆவா அன்ரியும், இளவயதில் பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்த அவருடைய தகப்பன் மூசாவும். பத்து வயதுக்காரியான நான் பள்ளிக்கூடம் விட்டால் அம்மா வரும்வரை அவர்கள் வீட்டில்தான் இருப்பேன். மூசாவை, ஊரில் தாத்தாவைக் கூப்பிடுவதுபோல, "அப்பு" என்றே கூப்பிட்டேன்.

அப்பா மட்டும் அந்தப் படி ஏறமாட்டார். யாழ்ப்பாணத்தில் தன் தம்பியைச் சீருடைக்காரர் கூட்டிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவர். "எந்த நாடெண்டாலும் ஆமிக்காரன் ஆமிக்காரன்தான்" என்பார்.

மூசா அப்புவோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கிடைத்ததில் சிறு பங்குதான் அவருக்குப் "பென்சன்" என்று வந்துகொண்டிருந்தது. கனடாவுக்கு வந்த பிறகு அதுவும் நின்றுபோனது. ஆவா அன்ரி பிரெஞ்சு அரசுக்கு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: படைப் பதிவில் பெயர் வேறுமாதிரி இருக்கிறது, இவர்தான் அவர், இன்னும் உயிரோடிருக்கிறார் என்று சொந்தக்காரர் அல்லாத இருவர் கையெழுத்திட வேண்டும். தெருமுனையில் "டெப்பனர்" என்னும் சில்லறைக் கடை வைத்திருந்தவர் ஒருவர் சம்மதித்தார். மற்றவர் கிடைக்கவில்லை.

"உங்கட பேரையும் இங்க பிழையாத்தானே பதிஞ்சவங்கள். எவ்வளவு அலைஞ்சனீங்கள்?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். மறுநாள் காலை என்னிடம், "வெளிக்கிடு பிள்ளை, நீதான் எனக்குப் பிரெஞ்சு கதைக்கவேணும்" என்றார்.

சாட்சிக் கையெழுத்துகளை உறுதிப்படுத்தும் நொத்தாரிசின் அலுவலகத்தில் பெயரைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டபோது, மூசா அப்பு எழுந்து சட்டையைத் திறந்து, தோளுக்குக் கீழிருந்த குண்டுக் காயத்தைக் காட்டினார். "இதில் பிழை இருக்கிறதா, பாருங்கள்" என்றார். நொத்தாரிசு தலையைக் குனிந்துகொண்டார். அப்பாதான் எழுந்துபோய், அந்தச் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டார். "இதையெல்லாம் ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்லை எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். பிறகு கையெழுத்திட்டார்.

பனி கரைந்த காலத்தில் பென்சன் மறுபடி வந்தது, அதே சிறு பங்காக. முழுப் பங்கையும் கேட்டுக் கடிதம் எழுதுவித்துக்கொண்டே இருந்த மூசா அப்பு, இரண்டு குளிர்காலம் கழித்துக் காலமானார். ஆவா அன்ரி ஊருக்கே திரும்பிவிட்டார். அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்.

அண்மையில் ஒரு செய்தி படித்தேன். உதவித்தொகை கைவிட்டுப் போகாமலிருக்கப் பிரான்சிலேயே தனித்துக் கிடந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் சிலருக்கு, இனிச் சொந்த ஊரிலிருந்தே அதைப் பெறலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. இப்போது மொன்றியலின் இன்னொரு பகுதியான பியர்பொன்ட்ஸில் என்னோடு இருக்கும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எத்தினை பேர் மிச்சம்?"

"கொஞ்சப் பேர்தான் அப்பா. எல்லாரும் தொண்ணூறு வயதை ஒட்டினவை."

"மூசா அண்ணை அவசரப்பட்டிட்டார்" என்றார்.

அப்பா அவரை அண்ணை என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.