டீயோடு விழுங்கிய மாத்திரை

நாற்பத்து மூன்று வயதில் கர்ப்பம் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷமல்ல, கூச்சம். என் ஒரே மகளுக்கு இருபது வயது. வீட்டிலிருந்தே ரவாங்குக்கு வேலைக்குப் போய்வருகிறாள். கூட வேலை செய்பவர்களிடம் என்னவென்று சொல்வது என்று கேட்டவள், அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நானும் எஸ்டேட் கோயிலுக்கும் கடைக்கும் போவதை விட்டேன். சோறு இறங்கவில்லை. இனிப்பு டீதான் ஒரே ஆறுதல்.

கணவர் லோரியோடு வெளியூர் போயிருந்த ஒருநாள், கோல சிலாங்கூர் கிளினிக்குக்கு மகள்தான் காரில் கூட்டிப்போனாள். வழி நெடுக ரேடியோ மட்டும் பேசியது.

போனமுறை கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டும் ரத்த அளவு ஏறவில்லை. எதோடு விழுங்குகிறீர்கள் என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்டார். டீயோடு என்றேன். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சைதான் சேர்க்கும் என்று மலாய் மொழியில் விளக்கினார். பக்கத்தில் இருந்த மகள் போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் காலையில் டீத்தூள் டப்பாவைக் காணவில்லை. மேசையில் மாத்திரையும் ஒரு கிளாஸ் எலுமிச்சைத் தண்ணீரும் இருந்தன. வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"டீயெல்லாம் அப்புறமா குடிச்சிக்கலாம்லா. பாப்பாவுக்கு ரத்தம் வேணாமாம்மா?"

அதுவரை எங்கள் வீட்டில் யாரும் பாப்பா என்று சொன்னதில்லை. நான்கூட.

கூச்சம் அன்றோடு போய்விடவில்லை. ஆனாலும் மாலையில் வயிற்றை மறைக்காமல் கடைக்கு நடந்துபோய் ஒரு கிலோ எலுமிச்சை கேட்டேன்.

"இவ்வளவு யாருக்குக்கா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"பாப்பாவுக்கு" என்றேன்.