வீட்டில் சும்மா இருந்தவள்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் காஜா பேராங் என்ற ஊரில் ஒரு தையல் மெஷினை வைத்துத்தான் பிழைத்தேன். கணவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் நானும் மகளும்தான். கடைத்தெருவில் இருந்த சீன முதலாளியைத் தவுக்கே என்போம். அவர் கோணிச்சாக்கையும் பழைய திரைச்சீலையையும் வெட்டிக் கொடுப்பார். வீட்டிலிருந்தே காற்சட்டையாகத் தைத்துக் கொடுத்தால் கூலியாக அரிசி தருவார். சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் துணி வேறொருத்தி கைக்குப் போய்விடும்.

ஊர்க் கடிகாரமெல்லாம் தோக்கியோ நேரத்தில் ஓடியது. எனக்கு ஜன்னல் வெயில்தான் கடிகாரம். விளக்குக்கு எண்ணெய் ஏது? வெயில் மெஷின் மேல் விழுவதற்குள் தண்ணீர், சமையல், துவைப்பு எல்லாவற்றையும் முடித்துவிடுவேன். விழுந்த பிறகு தையலைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன். அன்னாசி நாரில் திரித்த நூல் அடிக்கடி அறுந்து உயிரை வாங்கும். இருட்டினால் ஊசியில் கோக்க முடியாது.

அந்த வெயிலைத் திருட ஒருத்தி இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. அவள் கணவர் அரிசிப் பங்கீட்டுக் கடையில் கணக்கப்பிள்ளை. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றபோது அவள் வீட்டில் சோறு மணத்தது. வெயில் ஜன்னலுக்கு வந்ததும் அவள் என் வாசலுக்கு வந்துவிடுவாள்.

“வீட்டுல சும்மாதானே இருக்க தங்கச்சி? பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்க லா. பாசார் வரைக்கும் போயிட்டு வந்திர்றேன்.”

அந்தக் ‘கொஞ்சம்’ மத்தியானம் வரை நீளும். பிள்ளை நூலை இழுக்கும், ஊசிப் பக்கம் கை நீட்டும். திரும்பி வந்ததும் அவள் உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பாள். எழுந்து போ என்று சொல்ல எனக்குப் பயம். எங்கள் பங்கு அரிசியை அளப்பது அவள் கணவர் ஆயிற்றே.

இப்படியே பொழுது போய், ஒருமுறை தவுக்கே வந்தபோது பாதித் துணி தொடாமல் கிடந்தது. அவர் திட்டவில்லை. சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகள் காய்ச்சலில் கிடந்தாள். அவள் கஞ்சிக்கு அந்தக் கூலி அரிசியைத்தான் நம்பியிருந்தேன். வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டில் ஒரு பிடி அரிசி கேட்டேன்.

“எங்களுக்கே பத்தல தங்கச்சி. நீயும் சும்மா இருக்காம ஏதாச்சும் வேலை பாக்கலாம்ல?”

மகளுக்கு மரவள்ளி மாவைக் கரைத்துக் காய்ச்சிக் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டாள். நான் மறக்கவில்லை.

தவுக்கேயிடம் கெஞ்சி மறுபடியும் துணி வாங்கினேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி விற்பதற்கு மரவள்ளி அப்பளம் போடத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் காலை முற்றம் முழுக்கப் பாய் விரித்துக் காயவைத்தாள்.

“மழை வந்தா எடுத்து வச்சிரு தங்கச்சி. வீட்டுலதானே இருக்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானத்துக்கு முன்பே கடல் பக்கம் வானம் கறுத்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று புத்தி பிரமாதமாக வேலை செய்தது. கொடியில் கிடந்த என் துணிகளை எடுத்து வந்தேன். அவள் பாய்களைத் தாண்டித்தான் போனேன், தாண்டித்தான் வந்தேன். மெஷினில் உட்கார்ந்து மிதித்தேன். நேர்த் தையலுக்கு அந்த வெளிச்சம் போதும். மழை கொட்டியது. அப்பளமெல்லாம் கூழாகி வாய்க்காலில் ஓடுவதைப் பார்க்க ஒரே ஒருமுறை தலை தூக்கினேன். அப்படி ஒரு இன்பமான மழையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அவள் நனைந்தபடி ஓடிவந்தாள். “பாவி! வீட்டுலதானே இருந்த? கண்ணு தெரியலயா?”

“வேலை பாக்கச் சொன்னீங்களே அக்கா. பாத்துக்கிட்டிருந்தேன்.”

அடுத்த பங்கீட்டில் எங்களுக்கு அரிசி குறைந்தது. குறையட்டும். அவள் என் வாசலை மறுபடி மிதிக்கவில்லை. வெயில் முழுசாக எனக்கே கிடைத்தது.