உப்புக் கிணற்றுச் சண்டை

எழுபதுகளில் என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனபோது, டயாலிசிஸ் என்ற வார்த்தையே எங்கள் ஆரம்பாக்கத்தில் யாருக்கும் தெரியாது. ரயிலேறி மதராஸ் ஆஸ்பத்திரிக்குப் போவோம். வயிற்றில் துளையிட்டுக் குழாய் செருகி, பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே எடுப்பார்கள். அது இறங்கும்போது வலி தோள்பட்டை வரை ஏறும். சூடு ஆறியிருந்தால் இன்னும் மோசம் என்பதால், பாட்டில்களை வெந்நீர் வாளியில் போட்டு வைத்திருப்பேன். அப்படியும், நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கிய மனிதர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகுவார்.

வலிக்கு மாத்திரை கேட்டேன். "அது வெளியேறாம ரத்தத்துலயே தங்கிடும்மா. பேச்சு கொடுத்துக்கிட்டே இருங்க, அதான் மருந்து" என்றார் டாக்டர்.

சாமி கதை சொன்னேன். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைச் சொன்னேன். முனகல் நிற்கவில்லை. எனக்கே பேஜாராகிப் போய், பழைய கிணற்று விவகாரத்தை இழுத்துவிட்டேன். வடக்குக் கொல்லையில் கிணறு வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் வெட்டினார். உப்புத் தண்ணீர் வந்து நாற்றெல்லாம் கருகியது.

முனகல் நின்றது.

"கிணறு நல்ல கிணறுதாம்மே. பக்கத்து கொல்லையில உங்கண்ணன் ராப்பகலா இன்ஜின் ஓட்டி தண்ணிய உறிஞ்சினான், கடல் தண்ணி உள்ள பூந்துக்கிச்சு."

"எங்கண்ணன் இன்ஜின் வாங்கறதுக்கு முன்னாடியே அது உப்புதான்யா."

பாட்டில் காலியாகும்வரை சண்டை போட்டோம். உப்பில்லாத கஞ்சி குடிக்கிறவருக்கு உப்புக் கிணற்றின் மேல் அவ்வளவு ரோஷம். நர்சம்மா என்னைக் கரித்துக்கொட்டினார், பக்கத்துக் கட்டில்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும். அவர் கை கம்பியை விட்டிருந்ததை நான்தானே பார்த்தேன்.

அதன் பிறகு குழாய் செருகும்போதே அவராகக் கேட்பார். "இன்னாமே, சும்மா குந்திக்கினு இருக்கே? கிணத்த பத்தி எதனா சொல்லு."

கடைசியாகப் போனபோது முகமெல்லாம் வீங்கியிருந்தது. தண்ணீர் இறங்கியதும் கம்பியைப் பிடித்தார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னதுதான் சரி. அங்க வெட்டியிருக்கக் கூடாது."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வராதா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன். வந்தபோது எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

"இல்லய்யா, எங்கண்ணன்தான் கெடுத்தான். ராப்பகலா இன்ஜின் ஓட்டினான்ல? நீ சொல்லுய்யா" என்று கெஞ்சினேன்.

அவர் கம்பியை விடவில்லை.